பன்னிரண்டாம் நம்பர் சாவி

ஒரே ரூமுக்கு இரண்டு குடும்பம். ஒன்று தலையில் ஈரத் துண்டோடு உள்ளே நின்றது. இன்னொன்று பெட்டிகளோடு வாசலில் நின்றது. நடுவில் நாறும்பூநாதன் அண்ணாச்சி நின்றார். நின்றபடியே உமாதேவிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா உமா, உன் சாஃப்ட்வேரு எனக்குச் செருப்படி வாங்கித் தராம விடாது போலிருக்கே. மறுபடியும் பன்னெண்டாம் நம்பரு. உள்ள விருதுநகர் பார்ட்டி. வெளிய மதுரைப் பார்ட்டி. ரெண்டு பேரு கையிலயும் ரசீது இருக்கு. ரெண்டும் உன் மிஷின் அடிச்ச ரசீதுதான்.”

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மதுரைத் தமிழில் கத்துவது உமாவுக்குத் தெளிவாகக் கேட்டது. “உள்ள ஆளிருக்கான்னு பாக்காமலா காசு வாங்குவீங்க? கதவைத் திறந்தா எவனோ துண்டைக் கட்டிட்டு நிக்கிறான்.”

உமா தென்காசியில், ரத வீதி வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் சென்னையில் கம்பெனி வேலை பார்த்தவள். இப்போது வீட்டிலிருந்தபடியே சொந்தமாக மென்பொருள் எழுதுகிறாள். ஐந்தருவி சாலையில் இருக்கும் அண்ணாச்சியின் லாட்ஜ்தான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கை. சித்திரையில் அங்கே தன் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தாள். நன்றாக ஓடினால் குற்றாலத்தில் இருக்கிற மற்ற லாட்ஜ்காரர்களிடமும் சொல்வதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்து சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் இந்தக் கூத்து ஆரம்பமாகிவிட்டது.

“அண்ணாச்சி, நான் வரிக்கு வரி பாத்துட்டேன். ரூம் காலின்னு யாராவது அழுத்துனாத்தான் அது காலியாகும். தானா ஆகவே ஆகாது.”

“அப்ப யாரோ அழுத்துதாவ.”

“ஆமா.”

“அப்ப அந்தப் புள்ளதான்.”

அந்தப் புள்ள என்றால் மாரிச்செல்வி. இலஞ்சியிலிருந்து தினமும் காலை முதல் பஸ்ஸில் வந்து ரிசப்ஷனில் உட்காருகிற பெண். இந்த சீசனுக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

“ரூம் கிடைக்காதவன் எதையாவது கையில வச்சு அமுக்குவான்மா. இவ உள்ளவனைக் காலின்னு காட்டிட்டு அவனுக்குக் குடுத்திருப்பா. இந்த ஊர்ல பாக்காததா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும். சனிக்கிழமைக் கூட்டம் வாரதுக்குள்ள ஒண்ணு அவ போகணும், இல்லைன்னா உன் பொட்டி போகணும்.”

போனை வைத்துவிட்டார்.

உமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த ரூமை யார், எப்போது காலி செய்தார்கள் என்று சாஃப்ட்வேரே குறித்துவைக்கும்படி செய்திருக்கலாம். செய்ய நினைத்தாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். இப்போது சீசன் நடுவில் சாஃப்ட்வேரில் கை வைத்தால் வேறு ஏதாவது கோளாறு வரும். அதைத் தொடாமலே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் திரையை அப்படியே படம் பிடிப்பது.

அது அவளுக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவளே அவள்தான். வீட்டிலிருந்தே அதற்குள் நுழைகிற வழியையும் வைத்திருந்தாள். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று, அதில் ஒரே ஒரு வரிக் கட்டளை. எந்தத் திரை, என்ன அளவு, நொடிக்கு எத்தனை படம், எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான். திரையைப் பதிவு செய்ய விற்கிற மென்பொருள்களில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும், பதிவாகிறது என்று சொல்லும். கட்டளையில் அந்த வம்பே கிடையாது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

காபி டம்ளரோடு வந்த அவள் கணவன் விஜயசங்கர் திரையை எட்டிப் பார்த்தான்.

“என்ன செய்யுத?”

“லாட்ஜ் ஸ்கிரீனை ரெக்கார்ட் பண்ணுதேன்.”

“அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அப்புறம் எப்படி அகப்படுவா?”

“அகப்படுவான்னு முடிவே பண்ணிட்டியா?”

“நீங்க டம்ளரை வச்சிட்டுப் போங்க.”

எண்டர் தட்டினாள். எண்கள் ஓடத் தொடங்கின.

கொஞ்ச நேரத்திலேயே போன் அடித்தது. மாரிச்செல்வி.

“யக்கா, கம்ப்யூட்டர் நத்தை கணக்கா ஊருதுக்கா. ஒரு பேரு அடிச்சா, அடிச்சு முடிச்சு தண்ணி குடிச்சிட்டு வந்தப்புறம்தான் எழுத்து வருது. பார்ட்டியெல்லாம் என்னைய மொறைக்காவ.”

நொடிக்கு முப்பது படம் என்று கொடுத்திருந்தாள். அந்தக் கிழட்டு மிஷின் அதைத் தாங்கவில்லை.

“மழைக்கு லைன் அப்படித்தான் இருக்கும் மாரி. இப்ப சரியாயிரும்.”

“சரிக்கா. நீங்க சொன்னாச் சரிதான். யக்கா, அண்ணாச்சி உங்ககிட்ட ஏதும் சொன்னாவளா? காலையில இருந்து மூஞ்சியே சரியில்ல.”

“இல்லையே.”

“சரிக்கா.”

இப்படிப் பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று உமாவுக்கே வியப்பாக இருந்தது. பதிவை நிறுத்தி, படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மறுபடி ஓடவிட்டாள்.

மத்தியானம் குற்றாலத்தில் காற்று சுழன்றடித்தது. ஒரு மரக்கிளை ஒயரில் விழுந்து கரண்ட் போனது. கம்ப்யூட்டரோடு இருந்த யுபிஎஸ் பேருக்குத்தான். கரண்ட் திரும்பி வந்ததும் உமா அவசரமாக உள்ளே நுழைந்து பார்த்தாள். கோப்பு இருந்தது, கனமாகவே இருந்தது. ஆனால் திறக்கவில்லை. எம்பி ஃபோர் வகைக் கோப்பு எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பைக் கடைசியில்தான் எழுதும். கடைசி வருவதற்குள் உயிர் போய்விட்டால் அத்தனையும் குப்பை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பதற்றத்தில் மறந்துவிட்டாள். பாதியில் நின்றாலும் நின்ற இடம் வரை ஓடுகிற எம்கேவி வகைக்கு மாற்றி, மூன்றாம் தடவையாக எண்டர் தட்டினாள்.

சாயங்காலம் சமையல் தீய்ந்தது. கோயிலுக்குக் கூப்பிட்ட எதிர்வீட்டு முத்துவடிவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்ததும் அதுவரை பதிவான படத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டு வேகமாக ஓடவிட்டாள். விடிந்ததிலிருந்து மாரிச்செல்வியின் அம்புக்குறி திரையில் அங்குமிங்கும் அலைந்தது. பெயர் ஏற்றினாள். ரசீது அடித்தாள். பிறகு அம்புக்குறி நேராகப் பன்னிரண்டாம் நம்பர் கட்டத்துக்குப் போனது. ஆள் ரூமைக் காலி செய்தால் அழுத்த உமா வைத்திருந்த ‘சாவி வந்தது’ என்ற பொத்தானை அழுத்தியது. சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது.

பச்சை என்றால் காலி.

உமா படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. நாளைக் காலை வரை பணம் கட்டிவிட்டு உள்ளே இருக்கிற பார்ட்டி. அவர்களைத் தன் கையாலேயே காலி செய்கிறாள்.

அப்பாடா என்றிருந்தது. தன் சாஃப்ட்வேரில் தப்பில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி அண்ணாச்சியின் போனுக்கு அனுப்பினாள். ‘நீங்க சொன்னது சரி அண்ணாச்சி’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்தாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டார்.

மீதிப் படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உமா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள். மூன்றாம் நம்பரிலும் மாரிச்செல்வி அதே பொத்தானை அழுத்தினாள். ‘பாக்கி உள்ளது’ என்று கட்டம் வந்தது. ‘பிறகு’ என்று தள்ளிவிட்டாள். ஏழிலும் அப்படியே. பதினைந்தில் பாக்கி இல்லை, உடனே பச்சையாகிவிட்டது. உமாவின் நெற்றி சுருங்கியது. திருடுகிறவள் ஒரு ரூமைத் திருடுவாள். காலங்காத்தாலே வரிசையாக எல்லா ரூமையுமா திருடுவாள்?

கொஞ்சம் தள்ளி, கூட்டமில்லாத நேரம் போலிருக்கிறது, மாரிச்செல்வி இணையத்தைத் திறந்தாள். தேடும் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினாள்.

‘கம்ப்யூட்டர் தானா ரூமை மாத்துமா’

தேடல் ஏதேதோ காட்டியது. வீட்டு வாடகை, ஜாதகம், கம்ப்யூட்டர் விற்கிற கடை. அவள் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தாள். பிறகு வேறு மாதிரி கேட்டாள்.

‘நான் செய்யாத தப்பு கம்ப்யூட்டர்ல எப்படி நிரூபிக்கணும்’

உமா சட்டென்று படத்தை நிறுத்தினாள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, ஒரு பெண் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கில் கேட்டது போல உடம்பு கூசியது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மாரிச்செல்விக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

“எங்க போற, மழை வருது” என்றான் விஜயசங்கர்.

“அந்தப் புள்ளைய அவசரப்பட்டு மாட்டி விட்டுட்டேன்.”

மேற்கொண்டு கேட்க அவன் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் தெருவைத் தாண்டியிருந்தது.

மற்ற நாளில் குற்றாலம் கூப்பிடு தூரம். சீசன் வெள்ளிக்கிழமையில் அது வேறு ஊர். வேனுக்குப் பின்னால் வேன், கேரளா கார்கள், தலையை நீட்டிப் பாடிக்கொண்டு போகிற பிள்ளைகள். ரம்புட்டான் பழம் விற்கிறவன் சாலைக்கே கூடையைக் கொண்டுவந்துவிட்டான். போலீஸ்காரர் ஒருவர் எல்லாரையும் நிறுத்தி எதிர்ப்பக்கம் விட்டார். சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. நடைபாதை ஓரமாக உமா வண்டியை நுழைத்தாள். “யம்மா, ரோடு உங்க அப்பன் வீட்டுதா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அதற்குள் அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார்? அவள் அழுதிருப்பாளா, இலஞ்சிக்கு பஸ் ஏறியிருப்பாளா?

ஏறவில்லை. ரிசப்ஷன் மேஜைக்கு இந்தப் பக்கம், பார்ட்டிகள் நிற்கிற இடத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். அவள் நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மேஜையில் அவர் போனில் அந்தத் துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

“வாம்மா உமா. சரியான நேரத்துக்கு வந்த. இவ என்னமோ நியாயம் பேசுதா, கேளு.”

“நான் நியாயம் பேசல அண்ணாச்சி. அழுத்துனது நாந்தான். சாவி வந்தா அழுத்தணும்னு சொன்னது நீங்கதான.”

“ரூமைக் காலி பண்ணிட்டுப் போறவன் குடுக்கிற சாவியச் சொன்னேன்ட்டி.”

“அப்படிப் பிரிச்சுச் சொன்னியளா? சாவி வந்தா உடனே ஏத்து, மறந்தா சம்பளத்துல பிடிப்பேன்னு சொன்னிய.”

அந்த நேரம் மாடியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. தலை முதல் கால் வரை எண்ணெய் மினுங்க, தோளில் துண்டு, கையில் ஷாம்பு பாக்கெட். முன்னால் வந்த தொந்திக்காரர் மேஜையில் சாவியை வைத்தார்.

“ஒம்போதாம் நம்பரு. குளிச்சிட்டு வாரோம். பத்திரம்.”

“ஐந்தருவியில கூட்டம் கம்மியாம், அங்கன போங்க” என்றார் அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே சாவியைப் பலகையில் மாட்டினார். சொல்லிக்கொண்டே மவுசை நகர்த்தினார். ஒன்பதாம் நம்பர் கட்டத்தில் ‘சாவி வந்தது’ என்பதை அழுத்தினார். கட்டம் பச்சையானது. அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

“அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சிய?” என்றாள் உமா.

“என்ன செஞ்சேன்? சாவி வந்துச்சு, ஏத்துனேன்.”

“ஒம்பதாம் நம்பர் இப்ப காலி. அடுத்து வாரவனுக்கு என் மிஷின் அதைத்தான் குடுக்கும்.”

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். போனில் ஓடுகிற படத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மாரிச்செல்வி சாப்பாட்டுப் பையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

உமாவுக்கு எல்லாம் ஒரே வீச்சில் விளங்கியது. தென்காசியில் பிறந்தவள் அவள். நினைத்தபோது குற்றாலம் வந்து குளித்துவிட்டு, ஈரத்தோடு வீட்டுக்குப் போய்த் தோசை தின்கிறவர்கள் தென்காசிக்காரர்கள். லாட்ஜில் ரூம் போட்டுக் குளிக்கிற தென்காசிக்காரி உண்டா? அருவிக்குப் போகிறவன் சாவியைக் கையில் கொண்டுபோக மாட்டான், விழுகிற தண்ணீர் கழுத்துச் சங்கிலியையே அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் ஒவ்வொரு குளியலுக்கும் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுத்தான் போவான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சென்னையில் தங்கின ஹோட்டல்களை மனதில் வைத்து, சாவி வந்தால் ஆள் போயாச்சு என்று எழுதிவிட்டாள். குளித்துவிட்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாலும் கட்டம் பச்சையாகவே நின்றது. பாக்கி இருக்கிற பார்ட்டி என்றால் சாஃப்ட்வேர் கேள்வி கேட்டுத் தடுத்துவிட்டது. முழுப் பணமும் கட்டின நல்ல பார்ட்டிகள்தான் தெருவில் நின்றார்கள். சித்திரையில் சோதித்தபோது அருவியில் தண்ணீரே இல்லை. குளிக்கப் போக ஆளும் இல்லை.

“தப்பு என்னோடது அண்ணாச்சி. அந்தப் பட்டன் தப்பு. இவ மேல ஒண்ணும் இல்ல.”

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். மதுரைக்காரி எல்லார் முன்னாலும் ஏசினது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒன்பதாம் நம்பரை அழுத்தின விரல் அவருடையது.

“சரிட்டி, போய் உக்காரு” என்று எழுந்தார்.

மாரிச்செல்வி உட்காரவில்லை.

“அக்கா, இந்தப் படம் எப்படி வந்துச்சு?”

உமா வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “இந்த ஸ்கிரீன்ல நீ செய்யுததெல்லாம் அவ வீட்டுல ஏறுது. என்ன மூளை பாரு.”

“எப்பலேருந்து?”

“நேத்துலேருந்து” என்றாள் உமா.

“நத்தை கணக்கா ஊருதுன்னு நான் போன் பண்ணேனே. மழைன்னு சொன்னிய.”

“ஆமா.”

“நான் நெட்டுல தேடுனதும்?”

உமா தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

அண்ணாச்சிக்கு இது எதுவும் படவில்லை. அவருக்குப் புதிதாக ஒரு யோசனை பிறந்திருந்தது. “ஏம்மா, இதை நிறுத்தாத. எப்பவும் ஓடட்டும். என் போன்ல பாக்குற மாதிரி செஞ்சு குடு. நான் பண்பொழியில தோப்புல நின்னாலும் இங்க என்ன நடக்குன்னு தெரியணும். மத்த லாட்ஜ்காரங்ககிட்ட இதைச் சொன்னேன்னு வையி, உன் சாஃப்ட்வேரை ஒருத்தன் விடாம வாங்குவான்.”

முடியாது என்று உமா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் நினைத்தாள். ஆனால் ஒருத்தன் விடாம என்ற வார்த்தை காதுக்குள் இனித்தது. குற்றாலம் முழுக்கத் தன் சாஃப்ட்வேர் ஓடுவது கண்முன் வந்து போனது.

“அது... பாக்கலாம் அண்ணாச்சி” என்றாள்.

மாரிச்செல்வி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“ஓடட்டும் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் பயமில்ல. நான் சாப்பிடப் போற நேரம் நீங்க உக்காருதியளே, அப்பவும் ஓடட்டும். உங்க கூட்டாளிமாரு வந்தா ரசீது போடாம மேல்மாடி ரூமைத் திறந்து விடுதிய. அதும் ஏறட்டும். வீட்டுல மதினி பாத்துக்கிடுவாவ.”

வாசலில் ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி அவரை முறைத்தார். அதில் பயனில்லை என்று தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“இதெல்லாம் எதுக்கு, கரண்டு தண்டம். நிறுத்திரும்மா. முதல்ல அந்தப் பட்டனை சரி பண்ணு” என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் போனார்.

உமா மேஜைக்குப் பின்னால் போனாள். கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். மறைவில் ஓடிக்கொண்டிருந்த பதிவை முன்னால் கொண்டுவந்தாள். எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

“இதுதான் மாரி. ‘க்யூ’ அழுத்தினா நின்னுரும்.”

மாரிச்செல்வி எட்டி ஒரு விரலால் அழுத்தினாள். எண்கள் நின்றன.

“படம்?”

உமா ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்த கோப்பை அழித்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, அதிலிருந்ததையும் அவள் கண்முன்னே அழித்தாள்.

“அண்ணாச்சி போன்ல இருக்கு” என்றாள் மாரிச்செல்வி.

“சொல்லி அழிக்கச் சொல்லுதேன். மாரி, நான் உன்னை...”

“பட்டனைச் சரி பண்ணுங்க மேடம். மத்தியானத்துக்கு மேல கூட்டம் வந்துரும்.”

சற்று முன்பு வரை அக்கா, இப்போது மேடம். உமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பன்னிரண்டையும் பதினைந்தையும் ஒன்பதையும் சிவப்பாக்கினாள். சாவி வந்தது என்ற பொத்தானை எடுத்துவிட்டு, குளிக்கப் போயிருக்காங்க என்று ஒன்றும், ரூம் காலி என்று ஒன்றுமாக எழுதத் தொடங்கினாள்.

மாரிச்செல்வி வேறெங்கும் போகவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, உமாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு, திரையில் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். உமாவுக்குக் கை ஓடவில்லை. தெரிந்த வார்த்தையே தப்புத் தப்பாக வந்தது. அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பு.

“மெதுவா அடிங்க” என்றாள் மாரிச்செல்வி. “நான் இங்கனதான் நிக்கேன்.”